ஈகோவும் ஆணவமும் ஒண்ணா? (மறுபடியும்)

களிம்பு:
நேத்து இன்னொரு திரியில அருணை_நிழல் போட்ட வரி இது: "சைவத்தின் ஆணவம், சூஃபியின் நஃப்ஸ், பௌத்தத்தின் அனத்தா, உளவியலின் ஈகோ எல்லாம் ஒன்றே. அதை அழித்தால் ஞானம்." வரிசையா கும்பிடு விழுந்திருக்கு. அனத்தான்னா 'ஆன்மா என்று ஒன்று இல்லை'ங்கிற போதனை. அந்தப் போதனையை அழிச்சா ஞானமாம்! போகட்டும், எனக்கு ஆணவம்தான் விஷயம்.

சைவ சித்தாந்தம் எல்லாத்தையும் 36 தத்துவமா, அதாவது அடிப்படைக் கூறுகளா, பிரிக்குது. அதுல ஆன்ம தத்துவம் 24. பூதம், தன்மாத்திரை, ஞானேந்திரியம், கன்மேந்திரியம் அஞ்சஞ்சு, அந்தக்கரணம்ங்கிற உட்கருவி 4: மனம், புத்தி, சித்தம், அகங்காரம். நீங்க ஈகோன்னு சொல்றது அந்தக் கடைசி ஆளு. மாயையில் இருந்து வந்த கருவி. ஆணவம் கருவியே இல்லை, மலம், உயிரை ஒட்டின அழுக்கு. அநாதி, தொடக்கமே இல்லாதது.

ஆள் அசந்து தூங்கும்போது அகங்காரம் ஒடுங்கிடுது. ஈகோ போனா ஞானம்னா, குறட்டை விடுறவன் எல்லாம் ஜீவன்முக்தனா? கேவல நிலையில, அதாவது உடம்பும் கருவிகளும் சேராம உயிர் தனியா கிடக்கிறப்ப, அதுக்கு அகங்காரமே கிடையாது, ஆனா ஆணவம் முழுசா மூடிக்கிட்டு இருக்கு. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தன்னோட திருவருட்பயன் 23ஆம் குறள்ல சொல்றார்: இருட்டு மத்த பொருளைக் காட்டாது, தன்னையாவது காட்டும், ஆணவம் ரெண்டையும் காட்டாது. 'அவனுக்கு ஈகோ ஜாஸ்தி'ன்னு உங்களால விரல் நீட்ட முடியுதுன்னா, அது ஆணவம் இல்லை.

அருணை_நிழல்:
வணக்கம் களிம்பு ஐயா. தத்துவப் பட்டியலை ஒப்பித்ததற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் ரமணர் தம் 'உள்ளது நாற்பது' நூலின் 24ஆம் பாட்டில் என்ன செய்கிறார்? சித்சடக் கிரந்தி (அறிவையும் சடத்தையும் பிணைக்கும் முடிச்சு), பந்தம், சீவன், நுட்பமெய் (நுண்ணுடல்), அகந்தை, சம்சாரம், மனம் என அனைத்தையும் ஒரே பொருளின் பெயர்களாக அடுக்குகிறார். அங்கே அகந்தை அந்தக்கரணம் நான்கில் ஒன்று அல்ல. பந்தமே அதுதான்.

தூக்கக் கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிட்டார். அவருடைய 'உபதேச உந்தியார்' 13ஆம் பாட்டு: ஒடுக்கம் இருவகை, இலயமும் நாசமும். இலயித்தது மீண்டும் எழும். தூக்கம் இலயம். நான் எழுதியது 'அழித்தால்' என்று, 'ஒடுங்கினால்' என்று அல்ல. படித்துவிட்டுப் பதில் எழுதலாமே.

களிம்பு:
படிச்சேன். நீங்க சொன்ன பாட்டுல 'அகந்தை' இருக்கு. 'ஆணவம்' எங்க இருக்கு? காட்டுங்க.

அருணை_நிழல்:
சொல் இல்லாவிட்டால் பொருள் இல்லையா?

களிம்பு:
சொல்லுக்குத்தானே இந்தத் திரியே. இலயம்னா ஒடுங்கினது ஒரு இடத்துல விதையா கிடக்கணும். அந்த விதை எதால மூடிக் கிடக்கு? அந்த மூடிக்குப் பேருதான் ஆணவம். உங்க 13ஆம் பாட்டு எனக்குத்தான் சாட்சி சொல்லுது. இன்னொண்ணு, ஆணவம் அழியவும் அழியாது. முத்தியிலயும் இருக்கும், வலி குன்றிப் போயிருக்கும், சூரியன் முன்னாடி இருட்டு மாதிரி. செம்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்ங்க. அன்னிக்குப் பளபளன்னு இருக்கும். காத்தும் ஈரமும் பட்டு நாலு நாள்ல பழையபடி கறுக்கும், விட்டா பச்சையா களிம்பு ஏறும். உங்க 'நான் யார்' விசாரம் புளி. சித்தாந்தம் கேக்குறது செம்பையே பொன்னாக்குற ரசகுளிகை.

பாலி_மாணவன்:
அனத்தாவைப் பத்தி அரைவரியில முடிச்சுட்டீங்க. பௌத்தத்துல இது ரெண்டா இருக்கு, அதைத்தான் ரெண்டு பேரும் குழப்புறீங்க. மனுஷனைப் பிணைக்கிற பத்து சங்கயோசனையில (கட்டுகள்ல) முதலாவது சக்காயதிட்டி, 'இந்த உடம்பு, இந்த உணர்ச்சி நான்'ங்கிற பார்வை. சோதாபன்னங்கிற முதல் படியிலயே அறுந்துடும். எட்டாவது மானம், 'நான்'ங்கிற எண்ணம். அது அரகந்து, அதாவது முழு விடுதலை அடைஞ்சவர், ஆகும்வரை விடாது.

சம்யுத்த நிகாயத்துல கேமக சுத்தம் பாருங்க. கேமகர் கோசம்பியில பதரிக வனத்துல நோயாக் கிடக்கார். கோசித வனத்து மூத்த பிக்குகள் தாசகர்ங்கிற பிக்குவைத் தூது அனுப்பி அனுப்பிக் கேள்வி கேக்குறாங்க. உடம்பு, உணர்ச்சின்னு ஆளை ஆக்குற அஞ்சு கந்தத்துல எதையும் நான்னு பார்க்கலைங்கிறார். அப்ப நீங்க அரகந்தான்னா, இல்லைங்கிறார். 'நான் இருக்கேன்'ங்கிறது இன்னும் மிச்சம், ஆனா எதையும் நான்னு காட்ட முடியலை. அழுக்குத்துணியை வண்ணான் உவர்மண், காரம், சாணம் போட்டு அலசித் தர்றான். அழுக்கு போச்சு, அந்த உவர்மண், சாண வாசனை நிக்குது. வாசனைப் பெட்டியில போட்டு வெச்சாத்தான் அதுவும் போகும். துவைச்சதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறவன்தான் பாதியில நின்னுடுறான்.

களிம்பு:
அழகு. 'எதையும் நான்னு காட்ட முடியலை, ஆனா இருக்கு.' 23ஆம் குறளேதான். நன்றி தம்பி.

பாலி_மாணவன்:
இல்லவே இல்லை. உங்களுக்கு மூடி இருக்கு, மூடப்பட ஒரு உயிர் இருக்கு. எங்களுக்கு உயிர்ங்கிற பொருளே கிடையாது. என் உவமையைத் தூக்கிட்டுப் போய் உங்க மடத்துல மாட்டாதீங்க.

காயல்_கரை:
நஃப்ஸ் பேரையும் இழுத்தாங்க, அதனால ஒரு வார்த்தை. நஃப்ஸ்னா மனுஷனோட 'தான்'. குர்ஆன்ல நஃப்ஸ் மூணு விதமா வருது. தீமைக்குத் தூண்டுறது 12:53, தன்னையே நொந்துக்கிறது 75:2, அமைதியடைஞ்சது 89:27. அந்தக் கடைசி இடத்துல 'உன் இறைவன்கிட்ட திரும்பு'ன்னு நஃப்ஸைத்தான் கூப்பிடுறான். அழிச்சுட்டா யாரைக் கூப்பிடுறது? 'தான்' கரைஞ்சு போற ஃபனாவோட பாதை முடியுறதில்ல, பின்னாடி இறைவன்ல நிலைச்சிருக்கிற பகா இருக்கு. ஃபனாவைப் பத்தி அவ்வளவு பேசின சூஃபி பக்தாத் ஜுனைதே மயக்கத்தை விடத் தெளிவுக்குத்தான் இடம் கொடுத்தார். எல்லாரும் 922ல கொல்லப்பட்ட சூஃபி ஹல்லாஜோட 'அனல் ஹக்' (நானே மெய்ப்பொருள்) மட்டும் பிடிச்சுக்கிட்டு சூஃபின்னா 'நானே கடவுள்'னு முடிவு கட்டிடுறாங்க. நம்ம தமிழ் சூஃபி குணங்குடி மஸ்தான் பாட்டைப் படிச்சாக்கூட, உருகிக் கதறுறதுக்கு அங்க ஒரு அடிமை மிச்சம் இருக்கான்.

அருணை_நிழல்:
பாய், நன்றி. ஆனால் மாற்றமோ நாசமோ, பொருள் ஒன்றுதானே.

காயல்_கரை:
ஒண்ணு இல்லைன்னுதாங்க இவ்வளவு எழுதினேன்.

தெருமுனை:
ரெண்டு காதல் பிள்ளைங்களை வெட்டிப் போட்டா ஆணவக்கொலைன்னு ஊரே சொல்லுது. இங்க நீங்க தூக்கத்துல அகங்காரம் எங்க போச்சுன்னு தேடுறீங்க. ஆணவம்னா என்னன்னு தெருவுல இருக்கிறவனுக்குத் தெரியும், மடத்துல இருக்கிறவனுக்குத்தான் தெரியலை.

களிம்பு:
தோழர், கொலை கொலைதான், அதுல வாதமே இல்லை. ஆனா சொல்லு பத்திரிகை வழக்கு. சாதித்திமிர்ல வெட்டுறவனுக்கு இருக்கிறது அகங்காரம். ஆணவம் வெட்டினவனுக்கும் உண்டு, வெட்டுப்பட்ட பிள்ளைக்கும் உண்டு, கல்லுக்குள் தேரைக்கும் உண்டு.

தெருமுனை:
வெட்டுப்பட்டவனுக்கும் உண்டாம்! இதுதான் உங்க சித்தாந்தம் சமூகத்துக்குத் தர்ற நீதி. அப்ப நாளைல இருந்து 'அகங்காரக் கொலை'ன்னு போடச் சொல்லவா?

களிம்பு:
போட்டா தப்பில்லை.

தமிழ்_வேர்:
ஆணவம் ஆண் என்ற தூய தமிழ் வேரில் பிறந்தது. ஆண்மைச் செருக்கு. இதை யாரும் சொல்லவில்லையே?

களிம்பு:
அணு. உயிரை அணு மாதிரி சுருக்குறதால ஆணவம். வடசொல். நீங்க போன மாசம் 96 தத்துவம்னு சொல்லி அது 36ஓட, அதுங்கள்ல இருந்து வர்ற தாத்துவிகம் 60 சேர்ந்ததுன்னு தெரியாம மூணு பக்கம் சண்டை போட்டீங்களே, அதை முதல்ல முடிங்க.

தமிழ்_வேர்:
அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை நீங்கள்.

அருணை_நிழல்:
திரி எங்கோ போகிறது. நடைமுறைக்கு வாருங்கள். எண்ணம் எழுந்தால் 'யாருக்கு?' எனக்கு. 'நான் யார்?' அவ்வளவுதான். பலர் இதை 108 முறை சொல்லி ஜபமாக்கிவிடுகிறார்கள். வாய் கேட்கும், கவனம் கேள்வியிலேயே நிற்கும், 'நான்' என்கிற உணர்வின் பக்கம் திரும்பாது. இன்னும் சிலர் கேள்விக்கு விடை தேடி 'நான் பிரம்மம்' என்று மனத்தில் எழுதிக்கொள்வார்கள். அதுவும் எண்ணம். மூன்றாவது பிழை, எண்ணம் நின்ற சுகத்தில் அப்படியே அமர்ந்துவிடுவது. அதுதான் இலயம். அங்கேயும் விசாரத்தை விடக்கூடாது. இதைச் செய்து பார்த்தவன் ஈகோவா ஆணவமா என்று சொல் பிடித்துத் தொங்க மாட்டான்.

களிம்பு:
ஈகோங்கிற சொல்லைக் கொண்டு வந்தவரே நீங்கதான். ஃபிராய்ட் 1923ல ஜெர்மன்ல எழுதினது வெறும் 'நான்'. இங்கிலீஷ்ல பெயர்த்தவங்க லத்தீன்ல ஈகோன்னு மாட்டினாங்க. 'நான் யார்' அச்சேறினதும் அதே 1923. அவர் சொன்ன 'நான்' வெளியுலகத்தோட ஒத்துப்போக மனசு வெச்சுக்கிட்ட ஒரு பகுதி. பலப்படுத்த வேண்டியது, அழிக்க வேண்டியது இல்லை. அதை அழிச்சா ஞானி ஆக மாட்டான், மனநல மருத்துவர்கிட்டதான் போவான். நீங்க நாலையும் ஒரே பானையில போட்டுக் கிண்டிட்டு 'சொல் பிடித்துத் தொங்காதே'ங்கிறீங்க.

சரி, தூக்கத்துல அகங்காரம் இல்லை. மறைப்பு இருக்கு. அந்த மறைப்பு என்ன? ஒரே சொல்லுல பதில் சொல்லுங்க.

அருணை_நிழல்:
13ஆம் பாட்டு.

களிம்பு:
அது சொல் இல்லை, எண்.

தமிழ்_வேர்:
மன்னிப்பு எங்கே?