செங்கோட்டைப் பக்கம் கிடைக்கிற மரத்தில் பூல் க்யூ கடையலாமா? ஷாஃப்டுக்கு எது, பின்பாதிக்கு எது?

பண்பொழி_கடைசல்:

வணக்கம். பட்டறையில் நாலடி லேத் இருக்கு. கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடி கடையற வேலை. இப்போ இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டற பூல் க்யூ (பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கிற கோல்) கேட்கிறாங்க. மொத்தம் 58 அங்குலம்: ஷாஃப்ட் (முன்பாதி) 29, பின்பாதி 29. டிப் (பந்தைத் தொடற முனை) 13 மி.மீ., எடை 19 அவுன்ஸ், அதாவது 540 கிராம் அளவு.

புனலூர்ப் பக்கம் ரப்பர் மரம் மலிவு. வெளுப்பா, பார்க்க மேப்பிள் மாதிரியே இருக்கு. அதில் ஷாஃப்ட் கடையலாமா? பின்பாதிக்கு ஈட்டி (ரோஸ்வுட்), கருங்காலி, செம்மரம் மூணில் எது சரி? கடைஞ்ச பிறகு கோணாம இருக்க என்ன செய்யணும்?

எட்டாம்பந்து:

அண்ணாச்சி, முதல்ல ஷாஃப்டைப் பேசி முடிச்சுருவோம். அடி எப்படி விழும்ங்கறதை அதுதான் தீர்மானிக்குது.

ரப்பர் மரம் வேண்டாம். நிறம் மட்டும்தான் மேப்பிள். பால் வெட்டி ஓய்ஞ்ச 25, 30 வருஷ மரத்தை அறுக்கிறாங்க. சாய்ஞ்சு வளர்ந்த மரத்தில் ஒரு பக்க நார் முறுக்கோடயே இருக்கும். சட்டமா இருக்கிற வரைக்கும் தெரியாது. 25 மி.மீ.லிருந்து 18க்கு இறக்கினதும் அந்த இழுப்பு விடுபட்டு வில்லா வளையும். விறைப்பும் மேப்பிளில் முக்கால் பங்குதான். பூச்சி அரிப்பும் நீலக்கறையும் வேற.

ஈட்டி, கருவேலம் மாதிரி கனமான மரத்திலும் ஷாஃப்ட் போடாதீங்க. கெட்டி மரம்னா நல்லதுன்னு தோணும். ஆனா டிப் பக்கம் கனம் கூடக் கூட, பந்தோட மையத்தை விட்டு இடமோ வலமோ அடிக்கும்போது வெள்ளைப் பந்து நேர்கோட்டை விட்டு அதிகமா விலகும். குறி தப்பிக்கிட்டே இருக்கும்.

வட அமெரிக்காவில் வளர்ற ஹார்டு மேப்பிள்தான் வேணும். ஒரு அங்குலச் சதுரம், 30 அங்குல நீளத் துண்டா வாங்குங்க. மேப்பிள்னு மட்டும் சொன்னா சாஃப்ட் மேப்பிள் வந்துரும், அது லேசு, சீக்கிரம் பள்ளம் விழும். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடணும். பக்கவாட்டில் வெளியேறினா, கடைஞ்ச பிறகு V மாதிரிக் கூம்புகள் தெரியும். அந்த இடத்தில்தான் ஷாஃப்ட் வளையும், உடையும். முனையில் வளையங்களை எண்ணிப் பாருங்க: அங்குலத்துக்கு 10க்கு மேல இருந்தா எடுக்கலாம். சின்னப் பழுப்புக் கீறல் இருந்தா பயப்பட வேண்டாம், அது நிறம்தான். சிமென்ட் தரையில் செங்குத்தா ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டுப் பாருங்க. கணீர்னு கேட்கணும். பொத்துனு விழுந்தா ஒதுக்கிருங்க. முடிஞ்ச ஷாஃப்ட் 105 முதல் 120 கிராம் வரை நிக்கணும்.

10 துண்டு வாங்கினா பத்தும் தேறும்னு கணக்குப் போடாதீங்க.

ஸ்நூக்கர்_மேசை:

ஆஷ் மரத்தையும் சொல்லணும். ஸ்நூக்கர் கோலுக்கு அதுதான் வழக்கம். அம்பு மாதிரி வரிகள் மேல தெரியறதால ஆடறவர் கோலை ஒரே நிலையில் பிடிக்கலாம். ஆனா துளை திறந்த மரம், விரலில் சொரசொரப்பு தெரியும். 13 மி.மீ. பூல் ஷாஃப்டுக்கு மேப்பிளோட வழவழப்பு வராது.

மரவாடி_தென்காசி:

பின்பாதிக்கு வர்றேன். இதுக்கு அளவு போட்டுப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைச்சுரும். இணைப்புப் பக்கம் 21 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல, அடிப்பக்கம் 32 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழ, நீளம் 29 அங்குலம் வெச்சா, மரத்தோட கன அளவு 415 கன செ.மீ. கிட்ட வரும்.

ஈட்டி கன செ.மீ.க்கு 0.83 கிராம்: 345 கிராம். ஷாஃப்ட் 110, இரண்டு பாதியையும் பூட்டற திருகுப் பின், வளையம், அடி ரப்பர் எல்லாம் 35 சேர்த்தா 490. அடியில் 50 கிராம் போல்ட் போட்டா 540 கச்சிதம். நிஜக் கருங்காலி 0.91: பின்பாதி 380, மொத்தம் 525. செம்மரம் தண்ணியில் மூழ்கும், 1.1 கிட்ட இருக்கும்: பின்பாதியே 455, மொத்தம் 600, அதாவது 21 அவுன்ஸ் தாண்டிருது.  சமநிலைப் புள்ளி அடியிலிருந்து 18, 19 அங்குலத்தில் இருக்கணும். 

தேக்கு லேசு. எடை சேர்க்க 120 கிராமுக்கு மேல இரும்பு திணிக்கணும். மணல் சத்து இருக்கிறதால உளி முனையும் சீக்கிரம் மழுங்கும்.

ஆக ஈட்டிதான். வெளிறு விட்டு, வைரம் பாய்ஞ்ச பகுதியா எடுங்க. கருங்காலின்னு கடையில் விக்கிறது பல நேரம் சாயம் போட்ட வேற மரம். நடுவில் அறுத்துப் பாருங்க, உள்ளேயும் கறுப்பா இருக்கணும். வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் தேய்ச்சா சாயமா இல்லையான்னு தெரிஞ்சுரும். நிஜக் கருங்காலிக்கும் ஒரு குறை உண்டு: மெதுவாக் காயும், முனையில் வெடிக்கும். வாங்கின அன்னிக்கே இரண்டு முனையிலும் மெழுகு உருக்கிப் பூசுங்க.

சீட்டு முக்கியம். ஈட்டிக்குத் தமிழ்நாட்டில் 1994இல் தனிப் பாதுகாப்புச் சட்டமே போட்டாங்க. ஆரியங்காவு, புனலூர்ப் பக்கத்து கேரள வனத்துறை டிப்போ ஏல மரமா, முத்திரை, ரசீது, எல்லை தாண்டும் பாஸோட வந்ததான்னு பாருங்க. ஏலத்தில் எடுத்தவங்ககிட்ட மிச்சத் துண்டு கிடைக்கும், க்யூவுக்கு அது போதும். செம்மரம் ஆந்திராவில் சித்தூர், கடப்பைக் காட்டு மரம். சீட்டில்லாம ஒரு துண்டு வெச்சிருந்தாலும் வழக்கு. வெளிநாட்டுக்கு அனுப்பற எண்ணம் இருந்தா, ஈட்டி 2017 முதல் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறதை மனசில் வெச்சுக்கோங்க.

பண்பொழி_கடைசல்:

நன்றி அண்ணாச்சி. ஒருத்தர் செம்மரத்தில்தான் வேணும்னு நிக்கிறார், ஆந்திர அரசு ஏலச் சீட்டு கையில் இருக்கு. எடையைக் குறைக்க வழி உண்டா?

எட்டாம்பந்து:

உண்டு. உள்ளே மேப்பிள் தண்டு கோர்க்கணும். 19 மி.மீ. ஓட்டை முழு நீளம் போனா 210 கன செ.மீ. செம்மரம் வெளியேறி மேப்பிள் வரும், 80 கிராம் குறையும். கோணுறதும் குறையும்.

29 அங்குலத்தை ஒரே மூச்சில் துளைக்காதீங்க, துளைப்பான் வழி மாறிரும். முன்துண்டு 12, கைப்பிடி 12, அடித்துண்டு 5ன்னு பிரிச்சுத் துளைச்சு, பிறகு ஓட்டையை மையமா வெச்சு வெளிப்பக்கம் கடையுங்க. தண்டு 18.85 மி.மீ. இருக்கட்டும், பசைக்கு இடம் வேணும். தண்டில் நீளவாக்கில் 1 மி.மீ. ஆழத்தில் ஒரு கோடு கீறி விடுங்க. அது இல்லைன்னா உள்ளே அடைபட்ட பசையும் காற்றும் தண்டை வெளியே தள்ளும், மெல்லிய சுவரா இருந்தா பிளந்தே போகும். மெதுவா இறுகுற எபாக்ஸிதான், 24 மணி நேரம் தொடாதீங்க. செம்மரமும் ஈட்டியும் எண்ணெய்ப் பசை உள்ளது. ஒட்டறதுக்குச் சற்று முன்னாடி அசிட்டோனில் துடைக்கலைன்னா, ஆறு மாசத்தில் உள்ளே சலசலன்னு சத்தம் வரும்.

வளைஞ்சு கழிஞ்ச ஷாஃப்ட் துண்டுகளை எறியாதீங்க. 12 அங்குலமா வெட்டினா தண்டுக்கு ஆகும்.

மரவாடி_தென்காசி:

கோணல் பத்திக் கேட்டீங்களே. ஷாஃப்டை ஒரே நாளில் 13க்கு இறக்கக் கூடாது. 25, 22, 20, 18, 16, 14.5ன்னு படிப்படியா, ஒவ்வொன்னுக்கும் நடுவில் மூணு நாலு வாரம். ஒவ்வொரு தடவையும் மெல்லிய சீலர் (மரத்தின் துளையை அடைக்கிற பூச்சு) பூசி, முனையில் கொக்கி போட்டுத் தொங்க விடுங்க. சாய்ச்சு வெச்சா தன் கனத்திலேயே வளையும். கோணினா, தடிப்பு மிச்சம் இருக்கும்போதே மையத்தை மாத்தி நேராக் கடைஞ்சுரலாம். 16க்குக் கீழ கோணினது போனதுதான்.

உளியால் அழுத்தினா நடுவில் துள்ளி, அந்த இடம் பருத்து நிக்கும். லேத் வண்டியில் ரூட்டர் (வேகமாச் சுழல்ற வெட்டு மெஷின்) பூட்டி, சரிவு வழிகாட்டியில் ஓட்டுங்க. கடைசி வெட்டு கால் மி.மீ.க்கு மேல வேண்டாம்.

உங்க ஊர்ச் சாரலை மறந்துராதீங்க. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில் ஈரம் 80 சதவீதம் நின்னா, மரத்தில் ஈரம் 16க்குப் போயிரும். அந்த நிலையில் முடிச்ச க்யூ சென்னை ஏசி ஹாலுக்குப் போனா 9க்கு இறங்கும். 21 மி.மீ. மேப்பிள் அதில் கால் முதல் அரை மி.மீ. சுருங்கும், அதுவும் ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. ஈட்டி அதில் பாதிதான் சுருங்கும், இணைப்பு வளையம் சுருங்கவே சுருங்காது. அதனால்தான் புதுக் க்யூவில் வளையம் விரலைக் கீறுது. கதவு போட்ட ஒரு மர அலமாரிக்குள்ள ஈரம் உறிஞ்சும் மெஷின் வெச்சு 50 சதவீதத்தில் நிறுத்துங்க. கடைசி இரண்டு வெட்டுக்கும் வார்னிஷுக்கும் முன்னாடி ஒரு மாசம் மரம் அதுக்குள்ளேயே இருக்கட்டும். ஈரமானியில் 9, 10 காட்டின பிறகு வளையத்தையும் மரத்தையும் சேர்த்துக் கடையுங்க.