கடலோர வீட்டில் எட்டு ஆண்டு உழைக்கக்கூடிய கேமிங் கணினி: 75,000 ரூபாயை எதில் போடுவது?

கெடிலக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 2017 பொங்கலையொட்டி வாங்கிய எங்கள் கணினி, ஐ5-6400 பிராசசரும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டும் கொண்டது, இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு உயிர் பெறவே இல்லை. கழற்றிப் பார்த்தபோது மதர்போர்டில் ரேம் பொருத்தும் இடத்துக்கு அருகில் தீக்குச்சி முனை அளவுக்குப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதைச் சுரண்டியதும் கீழே இருந்த செம்புத் தடமும் சேர்ந்து உதிர்ந்துவிட்டது. கேபினெட்டின் பின்பக்கத் திருகுகள் மூன்று துருவேறி இறுகிப்போயிருந்ததால், அவற்றைக் கழற்றுவதற்கே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

சீட்டு எடுத்த பணம் 75,000 ரூபாய் கையில் இருக்கிறது. 24 அங்குல 1080பி மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவை நல்ல நிலையில் உள்ளன. நானும் கல்லூரியில் படிக்கும் தம்பியும் கால்பந்து, கார் பந்தயம், பெரிய கதை ஆட்டங்கள் ஆகியவற்றை விளையாடுவோம். இப்போது வாங்குவது எட்டு ஆண்டாவது உழைக்க வேண்டும். மறுபடியும் இவ்வளவு பணம் ஒரே நேரத்தில் புரளும் என்று சொல்வதற்கில்லை.

ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினேன். ஐ5-12400எஃப், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், வண்ண விளக்கோடு ஆறு ஃபேன்கள் என்று ஒவ்வொன்றையும் விவரமாக எழுதியவர்கள், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரிசையில் மட்டும் பெயரோ தரமோ இல்லாமல் '650 வாட்' என்று எழுதியிருக்கிறார்கள். இது சரியான பட்டியலா? எங்கள் உப்புக்காற்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் எதில் கூடுதலாகச் செலவிடலாம், எதில் குறைக்கலாம்?

முத்தியால்பேட்டை

தம்பி, நான் புதுச்சேரியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கமிருந்து வரும் கணினிகளையும் வில்லியனூர் பக்கமிருந்து வருபவற்றையும் திறந்த மாத்திரத்தில் என்னால் பிரித்துச் சொல்லிவிட முடியும். வில்லியனூர்க் கணினியில் இருப்பது வெறும் தூசு, ஊதினால் பறந்துவிடும். கடலோரக் கணினியில் அதே தூசு ஈரப்பசையோடு ஒட்டிக்கொண்டு, விரலால் தடவினால் பிசுபிசுக்கும்.

காரணம் எளியது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடிக்குள் நீர் விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மதர்போர்டின் மேல் படிந்த உப்புத் துகளிலும் நடப்பது அதுதான். அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டால் உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பதால், அணைத்தே வைத்திருக்கும் கணினிதான் நம் ஊரில் சீக்கிரம் கெடுகிறது. தேர்வு நேரம், வெளியூர்ப் பயணம் என்று மூன்று வாரம் மூடி வைக்கிறோமே, அந்த மூன்று வாரம்தான் களிம்பு பூக்கும் காலம். ஆகவே மழைக்காலத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது அதை ஓட விடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக எந்தக் காரணத்தைக் கொண்டும் வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் கொட்டேஷனுக்கு வருகிறேன். பெயர் எழுதாத எஸ்எம்பிஎஸ் இருக்கும் ஒரே காரணத்துக்காகவே அந்தப் பட்டியலை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பிராசசர் தானாகப் பழுதாகி நான் பார்த்தது மிக அரிது. ஆனால் மலிவான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 80 பிளஸ் பிரான்ஸ் அல்லது கோல்டு என்னும் மின்திறன் தரச்சான்றும், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் திறனும், 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர்களும், குறைந்தது ஐந்து ஆண்டு வாரண்டியும் உள்ள 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குங்கள். அதற்கான பணத்தை அந்த ஆறு ஃபேன்களில் மூன்றை நீக்கி மிச்சப்படுத்தலாம். ஃபேன் கூடக் கூட உப்புக்காற்றுதான் கூடுதலாக உள்ளே போகும். முன்புறம் இரண்டு, பின்புறம் ஒன்று, முன்பக்கத்தில் கழற்றிக் கழுவக்கூடிய மெல்லிய வலை என்று இருந்தால் போதும். உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளும் காற்றைவிடக் கூடுதலாக இருக்கும்போது, இண்டு இடுக்குகள் வழியாகத் தூசு நுழையாது.

வாரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகூட ஆகாத என் சொந்தக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். பின்பக்கத் தகட்டில் அரிசி அளவுக்குத் துரு இருந்ததைப் படம் எடுத்து அனுப்பி, 'அரிப்புக்கு வாரண்டி பொருந்தாது' என்று திருப்பிவிட்டார்கள். கார்டில் பழுது வேறு இடத்தில் இருந்தது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் பயனில்லை. அன்றிலிருந்து வாங்கிய அன்றே பில்லையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டைக் கழற்றி, தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கிறேன்.

மந்தாரக்குப்பம்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 75,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டுமென்றால், ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் பொருந்தும் இடம்) கொண்ட மதர்போர்டும் ரைசன் 5 5600 பிராசசரும் முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேமும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்காக நினைவகச் சில்லுகள் அள்ளப்படுவதால் ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது; இந்த நேரத்தில் புதிய தலைமுறை டிடிஆர்5 வாங்கினால் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் மிஞ்சாது. 1080பி மானிட்டரில் விளையாடுபவருக்கு 5600 இன்றும் போதுமானது. அதில் மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போட்டால் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கும்.

வில்லியனூர்ப் பெண்

மந்தாரக்குப்பம் அண்ணா சொல்வது இரண்டு, மூன்று ஆண்டுக் கணக்குக்கு முற்றிலும் சரி. கேட்டவர் எட்டு ஆண்டு கேட்கிறார் என்பதால்தான் நான் மாறுபடுகிறேன்.

கெடிலக்கரை அண்ணாவின் பழைய கணினியையே எடுத்துக்கொள்வோம். அவருடைய மதர்போர்டு ஏற்றது 6ஆம், 7ஆம் தலைமுறைப் பிராசசர்களை மட்டும். அடுத்து வந்த 8ஆம் தலைமுறைக்கும் அதே 1151 முனைகள்தான் என்றாலும், பழைய போர்டில் அது வேலை செய்யவில்லை. விண்டோஸ் 11 கேட்பதோ 8ஆம் தலைமுறை முதல். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆக, களிம்பு பூக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கணினி ஒரு முட்டுச்சந்தில்தான் நின்றிருக்கும். அதே 2017இல் முதல் ரைசனோடு ஏஎம்4 வகைப் பி350 போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். நீண்ட நாள் உழைப்பது என்றால் எனக்கு இதுதான் பொருள்: முழுக் கணினியையும் தூக்கிப் போடாமல் ஓர் உறுப்பை மட்டும் மாற்ற முடிய வேண்டும்.

அந்த வாய்ப்பு இன்று ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5இல் இருக்கிறது. 2022இல் வந்த இந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையேனும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. கடையில் எழுதிக் கொடுத்த 12400எஃப் பொருந்தும் சாக்கெட்டோ 14ஆம் தலைமுறைக் கோர் பிராசசர்களோடு நின்றுவிட்டது. ஏஎம்4இலும் இனி ஏறுவதற்கு ஓரிரு படிகளே உண்டு.

எனவே ஏஎம்5 வகைப் பி650 மதர்போர்டும் ரைசன் 5 7600 பிராசசரும் என் பரிந்துரை. இதே வரிசையில் சற்று மலிவாக 7500எஃப் கிடைக்கும். அதை வாங்க வேண்டாம். 7600க்குள் சிறியதொரு கிராபிக்ஸ் பகுதி உண்டு, 'எஃப்' என்று முடிபவற்றில் இல்லை, 5600இலும் இல்லை. நம் ஊரிலிருந்து ஒரு கார்டு வாரண்டிக்குச் சென்னை போய்த் திரும்ப மூன்று, நான்கு வாரம் ஆகும்போது, 7600 இருந்தால் தம்பியின் படிப்பு நிற்காது. அதோடு பெட்டியிலேயே கூலரும் வரும்.

கிராபிக்ஸ் கார்டில் நினைவகத்தின் அளவைப் பாருங்கள். 8 ஜிபி நிறைந்துவிட்டால், மீதித் தரவு மதர்போர்டின் ரேமிலிருந்து வந்துபோக வேண்டியிருக்கும். அப்போது படம் திக்கித் திக்கி நகரும், அல்லது சுவரும் தரையும் மெழுகு பூசியதுபோல் மங்கலாகத் தெரியும். புதிய ஆட்டங்கள் சிலவற்றில் இது 1080பியிலேயே நேர்கிறது. 16 ஜிபி கொண்ட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 12 ஜிபி கொண்ட ஆர்க் பி580 ஆகிய இரண்டும் நீண்ட நாளைக்கு ஏற்றவை. இரண்டில் எதற்கும் பணம் போதாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன்: இப்போதைக்குக் கார்டு வாங்காதீர்கள். பழைய 1050 டிஐ உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தனி மின்கம்பி கேட்காத 75 வாட் கார்டு, புதிய போர்டிலும் அப்படியே பொருந்தும். அதற்குப் புதிய ஆட்டங்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது; ஆனாலும் நீங்கள் ஏற்கெனவே விளையாடும் ஆட்டங்கள் ஓடும்.

ரேமைப் பொறுத்தவரை 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்கி, விலை இறங்கும்போது அதே வகையில் இன்னொன்றைச் சேர்க்கலாம். இரண்டு 8 ஜிபி குச்சிகள் இன்று கூடுதல் வேகம் தரும் என்பது உண்மைதான். ஆனால் 32 ஜிபி தேவைப்படும் நாளில் இரண்டையும் விற்க நேரும். எஸ்எஸ்டி 1 டிபி, டிஎல்சி (ஒரு நினைவகச் செல்லில் மூன்று பிட் சேமிக்கும்) வகை. அந்த வகையில் பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும் வரை உறுதி தருகிறார்கள். நாளொன்றுக்கு 50 ஜிபி எழுதினாலும் அது 12,000 நாள், ஆகவே அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எர்த் குழி

நான் மின்பணியாளர், மஞ்சக்குப்பம். இங்கே யாரும் எர்த் பற்றிப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். கடலோர மண்ணில் எர்த்துக்காகப் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் பத்து ஆண்டில் அரித்துப் போவது சாதாரணம். புறங்கையால் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? அப்படியானால் உங்கள் பிளக்கின் மூன்றாவது பின் (எர்த்) வெறும் அலங்காரம்தான்; எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸும் தன் பாதுகாப்பைச் சரியாகச் செய்ய முடியாது. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கணினி வாங்குவதற்கு முன்பே ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் (கம்பத்து மின்சாரம்போல் சீரான அலை தரும்) வகையா என்று பாருங்கள். பின்புறம் 'யுபிஎஸ்' என்றும் 'நார்மல்' என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். பலர் அதைத் தொட்டதே கிடையாது. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மின்சாரம் மாறும் நேரம் குறையும், கணினி அணையாது. இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் 600 வாட் தாங்கும் 1 கேவிஏ யுபிஎஸ் வாங்கலாம். 600 விஏ என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டும் மானிட்டரும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது அதற்கு மூச்சு முட்டும்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் யுபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே வந்தபோதும் சரி, 2024இல் ஃபெஞ்சலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தபோதும் சரி, தரையில் வைத்திருந்த கேபினெட்டுகளைத்தான் முதலில் இழந்தோம்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை மல்டிமீட்டர் இரவல் வாங்கி அளந்தேன்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 19 வோல்ட் காட்டியது. இத்தனை நாளாக மழைக்காலத்தில் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருந்ததை 'கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான்' என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போது பதறுகிறது. ஞாயிற்றுக்கிழமை எர்த் குழி புதிதாகப் போட ஆள் வருகிறார்.

1050 டிஐ கார்டின் தங்க முலாம் பூசிய முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, நண்பன் வீட்டுக் கணினியில் பொருத்திப் பார்த்தோம். படம் வந்துவிட்டது. ஆகவே 7600, பி650, 16 ஜிபி ஒற்றைக் குச்சி, 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் என்று புதிய பட்டியலை எழுதிக் கடையில் கொடுத்திருக்கிறேன். எர்த் வேலைக்கும் ஒதுக்கியது போக மிஞ்சுவதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சித்திரைக்குள் கார்டுக்குப் பணம் சேர்க்கலாம் என்று தம்பியும் ஒப்புக்கொண்டான். ஒரு சந்தேகம்: கார்டின் தகட்டில் உள்ள துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

முத்தியால்பேட்டை

வேண்டாம் தம்பி. தேய்த்தால் மேல்பூச்சும் போய்விடும், இரும்புத் தூள் கார்டின் மேல் விழும். தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினால் அது தனியாக வந்துவிடும். அதன் பிறகு கார்டிலிருந்து தள்ளி வைத்துத் துருவை எடுத்து, நன்றாக உலர விட்டு மாட்டுங்கள். பழைய கேபினெட் திருகுகளில் ஒன்றைக்கூடப் புதியதில் போடாதீர்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு ஒரு பொட்டலம் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்.