அருவியோட வெள்ளை: போனது போனதுதானா?

ஓசூர் பிக்சல்: ஒகேனக்கல் படத்துல அருவி வெள்ளையா வெந்துபோச்சா? லைட்ரூம் சாஃப்ட்வேர்ல ஹைலைட்ஸ் (வெளிச்சமான இடம்) ஸ்லைடரை -100-க்கு இழுங்க. முடிஞ்சது. ஃபிலிம்லருந்து பிரிண்ட் போடற டார்க்ரூம்ல அரை நாள் மாரடிச்ச வேலை இப்ப அரை நிமிஷம்.

ஹைப்போ: எது முடிஞ்சது? ரா ஃபைல்ல (கேமரா பதிஞ்ச மூலத் தரவு) சிவப்பு, பச்சை, நீலம் மூணும் உச்சத்துல முட்டிட்டா அங்க தகவலே இல்ல. ஸ்லைடரை இழுத்தா வர்றது நுரை இல்ல, சாம்பல். கல்லு வெச்சுப் பழுத்த மாம்பழம்! ஃபிலிம் நெகட்டிவ்ல அந்த இடம் கருப்பாத் தடிச்சிருக்கும், உள்ள விவரம் இருக்கும். முழு பிரிண்ட்டுக்கு 12 விநாடின்னா, அட்டையில ஓட்டை போட்டு அருவிக்கு மட்டும் இன்னும் 24 விநாடி வெளிச்சம் விடணும். அட்டை அசைஞ்சுட்டே இருக்கணும்; நின்னா ஓரத்துல கோடு விழும்.

ஓசூர் பிக்சல்: மூணு நிறத்துல ஒரு சேனல் மட்டும் போயிருந்தா மத்த ரெண்டை வெச்சு மீட்டுடும்ணா. ஃபிலிம்லயும் எக்ஸ்போஷர் ரொம்ப ஏறினா அடர்த்தி தட்டையாயிடும், 24 இல்ல 240 விநாடி விட்டாலும் சாம்பல்தான். ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறைச்சு எடுத்து நிழலைத் தூக்கினா வம்பே இல்ல.

ஹைப்போ: குறைச்சு எடுக்கறது கேமரா வேலை. நீ சொன்னது -100. மூணும் போனா வருமா, வராதா?

பாலக்கோடு லென்ஸ்: ரெண்டு பேரும் வெயிலை மறந்துட்டீங்க. ஹெச்பி5 ஃபிலிமுக்கு டி-76 டெவலப்பர் ஸ்டாக்ல (மேல தண்ணி கலக்காம), 20 டிகிரில 7½ நிமிஷம். நம்மூர் ஏப்ரல் தண்ணியில 4 நிமிஷத்துக்குக் கீழ இறங்கும், திட்டுத் திட்டா வரும். ஐஸ் போட்டாத்தான் ஆகும்.

ஹைப்போ: டெவலப்பருக்குள்ள ஐஸ் போடாதீங்க, நீர்த்துடும். பாட்டிலை ஐஸ் தண்ணித் தொட்டியில நிறுத்துங்க. படத்தை நிலைக்க வைக்கற ஃபிக்சரும் கழுவுற தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும்.

பாலக்கோடு லென்ஸ்: போர் தண்ணி காஞ்சா ஃபிலிம்ல உப்புப் புள்ளி. அதுக்கு?

ஹைப்போ: கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டர்ல, தண்ணி சொட்டா நிக்காம வழிய வைக்கற வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு. துணியால துடைச்சா கீறல்.

ஓசூர் பிக்சல்: தர்மபுரிக்காரங்க தண்ணிப் பேச்சை எடுத்தா நிறுத்த மாட்டாங்க.

பாலக்கோடு லென்ஸ்: 2004-ல பிரிஞ்சு போன மாவட்டம் பேசுது. நீங்க குடிக்கறதும் ஒகேனக்கல் தண்ணிதான் தம்பி.

மாங்கனி: போட்டோஷாப்ல ஒரு இடத்தை வெளுப்பாக்கற டாட்ஜ் கருவிக்குப் படமே குச்சியில ஒட்டின வட்ட அட்டை. கருப்பாக்கற பர்னுக்குக் குவிச்ச கை. எங்கிருந்து சுட்டது?

ஓசூர் பிக்சல்: சுட்டாலும் அன்டூ இருக்கு. பேப்பர்ல 36 விநாடி 50 ஆச்சுன்னா குப்பைத் தொட்டி.

ஹைப்போ: அன்டூவை யார் கேட்டா? மூணும் போனா...

ஓசூர் பிக்சல்: ஃபைலை அனுப்புங்க, காட்டறேன்.

ஹைப்போ: இல்லாத நுரையை எந்த ஃபைல்ல அனுப்பறது?

பாலக்கோடு லென்ஸ்: பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரே போதுமா?