கேலக்ஸி ஏ52எஸ்: அப்டேட் நின்றுவிட்டது. புது போன் எடுப்பதா, பேட்டரி மாற்றி ஓட்டுவதா?

தென்றல்82 (கேள்வி)

வணக்கம். வீட்டில் சாம்சங் ஏ52எஸ் 5ஜி ஒன்று ஓடுகிறது (6 ஜிபி ரேம், 128 ஜிபி, கூட ஒரு மெமரி கார்டு). 2021 கடைசியில் வாங்கியது. ஆண்ட்ராய்டு 14-உடன் பெரிய அப்டேட் முடிந்தது, நான்கு ஆண்டு செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) கணக்கும் 2025-இல் தீர்ந்துவிட்டது. உடைசல் ஏதும் இல்லை. நாலு வருஷம் ஓடிய பேட்டரி என்பதால் சாயங்காலம் இன்னொரு முறை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வாட்ஸ்அப், யூபிஐ, இரண்டு வங்கி ஆப், யூடியூப், எப்போதாவது வீடியோ எடுப்பது. கேம் கிடையாது.

₹35,000 முதல் 40,000 வரை போட்டு புதிது எடுத்தால் கையில் தெரிகிற அளவுக்கு வித்தியாசம் இருக்குமா? பேட்டரி மட்டும் மாற்றினால் எவ்வளவு காலம் நம்பலாம்? பேட்ச் வராத போனில் யூபிஐ வைத்திருக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈயப்பற்று

வேகத்துக்காக மாற்றுவதாக இருந்தால் வேண்டாம். ஏ52எஸ்-இல் இருக்கும் ஸ்னாப்டிராகன் 778ஜி அந்த விலைக்குக் கிடைத்த நல்ல சிப். 2025-இல் வந்த ஏ36-இன் ஸ்னாப்டிராகன் 6 ஜென் 3 கிட்டத்தட்ட அதே தரத்தில்தான் ஓடும். ஏ56-இன் எக்ஸினோஸ் 1580 உண்மையிலேயே வேகமானது, ஆனால் நீங்கள் சொன்ன வேலைகளில் அந்த வேகம் வெளியே தெரிய இடமே இல்லை. திரை மூன்றிலும் 120 ஹெர்ட்ஸ் ஆமோலெட். உங்களிடம் இருப்பது ஓஐஎஸ் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) உள்ள 64 மெகாபிக்சல் கேமரா, ஏ56-இல் ஓஐஎஸ் உள்ள 50 மெகாபிக்சல். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எது எதில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம்.

கூடுவது: பேட்டரி 4500-இலிருந்து 5000 எம்ஏஎச், சார்ஜ் வேகம் 25-இலிருந்து 45 வாட், வெயிலில் திரை இன்னும் தெளிவாகத் தெரியும். குறைவது: ஏ36, ஏ56 இரண்டிலும் மெமரி கார்டு போட இடமில்லை, 3.5 மிமீ ஹெட்போன் ஜாக்கும் இல்லை. கார்டில் நிறைய வைத்திருந்தால் 256 ஜிபி மாடல்தான் எடுக்க வேண்டிவரும், பட்ஜெட் அங்கேயே உடையும்.

போன் மந்தமாகத் தோன்றினால் முதலில் ஸ்டோரேஜைப் பாருங்கள். ஃபிளாஷ் மெமரியில் பழைய டேட்டா மேல் நேராக எழுத முடியாது. ஒரு பிளாக்கை முழுசாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி பிளாக் குறைந்தால், இருப்பதை வேறு இடத்துக்கு ஒதுக்கி, அழித்து, பிறகு எழுத வேண்டிவருகிறது. போன் திக்குவது அதனால்தான். 128-இல் எப்போதும் 15–20 ஜிபி காலியாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டதெல்லாம் தனியாகக் காட்டும். பெரும்பாலான வீட்டுப் போன்களில் குப்பை அங்கேதான் சேர்ந்திருக்கும்.

இனி பேட்டரி. மாற்றும் முன் அளந்து பாருங்கள். சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் பேட்டரி நிலை காட்டும். நன்றாக இருக்கிறதா, தளர்ந்துவிட்டதா என்று மேலோட்டமாகத்தான் சொல்லும். எண்ணாக வேண்டுமென்றால் அக்யூபேட்டரி போன்ற ஆப்பைப் போட்டு, 20%-க்குக் கீழே இருந்து 80%-க்கு மேல் வரை ஐந்தாறு தடவை சார்ஜ் செய்யுங்கள். ஒரே தடவையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். 4500-இல் 80% என்றால் 3600. அதற்குக் கீழே நிலையாகக் காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்னொரு அறிகுறி, 25% இருக்கும்போதே வீடியோ எடுத்தாலோ ஃபிளாஷ் போட்டாலோ போன் பட்டென்று அணைவது. வயதான செல்லில் உள்தடை ஏறிவிடும். திடீரென்று அதிகக் கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் சரிந்து போன் தானே நின்றுவிடும். பின்மூடி ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் அது வீக்கம். அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுவது நல்லது. வெளியே கொடுப்பதானால் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

- சார்ஜை 25%-க்குக் கீழே இறக்கிவிட்டுக் கொடுங்கள். தவறிக் குத்துப்பட்டாலும் நெருப்பின் வீரியம் குறையும்.
- இந்த மாடலின் பின்மூடி பிளாஸ்டிக். ஹீட் கன்னை நெருக்கிப் பிடித்தால் நெளிந்துவிடும். மிதமான சூட்டில் ஹீட்டிங் பேடில் வைத்துப் பசையை இளக்க வேண்டும்.
- பேட்டரிக்கு அடியில் உள்ள பசைக்கு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் விட்டு, பிளாஸ்டிக் கார்டால் மெதுவாக எடுக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் செல் கிழியும்.
- புது ஒட்டுப்பட்டை போட்டு மூடச் சொல்லுங்கள். போட்டாலும் பழைய ஐபி67 (தூசி, தண்ணீர் புகாத) பாதுகாப்பு திரும்பிவந்ததாக எண்ண வேண்டாம். தண்ணீரிலிருந்து தள்ளியே வையுங்கள்.

லேபிளில் 6000 எம்ஏஎச் என்று அச்சடித்து அதே அளவில் வரும் ‘ஹை கெபாசிட்டி’ பேட்டரியைத் தொடாதீர்கள். அந்த இடத்துக்குள் அவ்வளவு அடங்காது.

நல்ல செல் போட்டால் இரண்டு வருஷம் பேட்டரிக் கவலை இல்லை. திரை கோடு விழுந்தால் மட்டும் கதை வேறு. ஆமோலெட் திரை மாற்றும் செலவு இந்தப் போனின் இன்றைய மதிப்பையே நெருங்கும், அப்போது யோசிக்காமல் புதிதுக்குப் போய்விடுங்கள்.

பிட்டும்பைட்டும்

ஈயப்பற்று சொன்ன ஹார்டுவேர் விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘இரண்டு வருஷம்’ என்பது பேட்டரிக்குத்தான் பொருந்தும். வங்கி ஆப் வைத்திருக்கும் போனுக்கு வேறு ஒரு கடிகாரமும் ஓடுகிறது.

பேட்ச் நின்றால் எல்லாம் நின்றுவிடுவதில்லை. குரோம், வெப்வியூ (ஆப்களுக்குள் இணையப் பக்கம் காட்டுவது), கூகுள் பிளே சர்வீசஸ், பிளே புரொடெக்ட், வாட்ஸ்அப் ஆகியவை பிளே ஸ்டோர் வழியாகத் தொடர்ந்து வரும். குரோம் 2025-இல்தான் ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டையும் கைவிட்டு 10-ஐக் குறைந்தபட்சமாக்கியது. ஆண்ட்ராய்டு 14-க்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. நின்றுபோவது அடித்தளம்: கெர்னல் (ஆண்ட்ராய்டின் மையப் பகுதி), மோடம், கிராஃபிக்ஸ் டிரைவர், புளூடூத், வைஃபை மென்பொருள். இவற்றில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் போனில் அது திறந்தே கிடக்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் யூபிஐ பணம் பறிபோவது பெரும்பாலும் இந்த ஓட்டைகளால் அல்ல. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான், கேஸ் மானியம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப்) நிறுவி, அது கேட்கும் எஸ்எம்எஸ் அனுமதியையும் ஆக்ஸசிபிலிட்டி (திரையைப் படித்து இயக்கும்) அனுமதியையும் கொடுப்பதால்தான். நேற்று பேட்ச் வந்த போனும் இதற்குத் தப்பாது. செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ பகுதியில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அனுமதியை அணைத்துவிடுங்கள். வீட்டில் யார் கையில் போன் இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு பக்கமிருந்து வரலாம். ஒரு போன் நம்பத்தக்கதா என்று ஆப்கள் கூகுளிடம் கேட்கும் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் பேசிக், டிவைஸ், ஸ்ட்ராங் என மூன்று படிகள் உண்டு. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் ஸ்ட்ராங் கிடைக்க வேண்டுமென்றால் கடைசி ஓராண்டுக்குள் வந்த செக்யூரிட்டி பேட்ச் இருக்க வேண்டும். ‘அபௌட் போன்’, ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ போய் பேட்ச் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு 12 மாதம் கூட்டினால் வரும் நாளுக்குப் பிறகு உங்கள் போனுக்கு ஸ்ட்ராங் கிடைக்காது. எல்லா ஆப்பும் அந்தப் படியைக் கேட்பதில்லை. உங்கள் வங்கி என்றைக்குக் கேட்கத் தொடங்குகிறதோ அன்றைக்கு ஆப் திறக்காது, பேட்டரி புதிதாக இருந்தும் பயனில்லை.

கஸ்டம் ரோம் (சாம்சங் அல்லாதவர்கள் தயாரித்த ஆண்ட்ராய்டு) போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். பூட்லோடரை (போனைத் துவக்கும் மென்பொருளின் பூட்டை) திறந்து வேறு மென்பொருள் ஏற்றினால் சாம்சங்கின் நாக்ஸ் பாதுகாப்பு ஃபியூஸ் நிரந்தரமாக எரிந்துவிடும். செக்யூர் ஃபோல்டர் (பூட்டிய தனி ஃபோல்டர்) போய்விடும், வங்கி ஆப்களும் தகராறு செய்யும். பாட்டு கேட்கும் போனுக்குச் சரி, பணம் அனுப்பும் போனுக்கு வேண்டாம்.

என் யோசனை: பேட்டரியை மாற்றி ஓட்டுங்கள், ஆனால் பெரிய தொகை இருக்கும் கணக்கை இந்தப் போனின் யூபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, சின்னக் கணக்கு ஒன்றை மட்டும் இணையுங்கள். யூபிஐ லைட் (பின் இல்லாமல் சின்னத் தொகை அனுப்பும் வசதி) இருந்தால் கடைச் செலவு அதிலேயே போய்விடும்.

விலைப்பட்டியல்

புதிது எடுப்பது என்று முடிவானால் ஒரு கணக்கு போடுங்கள். விலையை, மீதி இருக்கும் அப்டேட் மாதங்களால் வகுக்க வேண்டும். மீதி மாதங்களை எண்ணுவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் வெளியான நாளிலிருந்து. ஏ56-உம் ஏ36-உம் 2025 மார்ச்சில் வந்தவை, ஆறு ஆண்டு உறுதி, அதாவது 2031 வரை. ₹36,000 என்று வைத்துக்கொண்டால், வந்த உடனே எடுத்தவருக்கு 72 மாதம், மாதம் ₹500. ஒரு வருஷம் கழித்து அதே விலைக்கு எடுத்தால் 60 மாதம், ₹600. விலை குறையாத பழைய மாடல் மலிவு இல்லை. பேட்டரிக்கு ₹2,500 ஆகிறது, ஒன்றரை வருஷம் ஓடுகிறது என்றால் மாதம் ₹140-க்குள் அடங்கும். ஆகவே இப்போது பேட்டரிதான் லாபம். ஆனால் ‘காத்திருந்தால் விலை இறங்கும்’ என்ற வழக்கமான நம்பிக்கையில் காத்திருக்காதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டுபோவதால் 2025 பிற்பாதியிலிருந்து மெமரி சிப் விலை ஏறிவிட்டது. அது போன் விலையிலும் ஏறும், அல்லது அதே விலைக்கு ரேம் குறையும்.

அதே பணத்துக்கு நான் எடுக்கச் சொல்வது பழைய உயர்ரக ஃபிளாக்‌ஷிப். கேலக்ஸி எஸ்24 2024 ஜனவரியில் வந்தது, ஏழு ஆண்டு அப்டேட், அதுவும் 2031 வரை. கேமராவிலும் வேகத்திலும் ஏ56 இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. இந்தியாவில் முதலில் வந்த மாடலில் எக்ஸினோஸ் 2400, பேட்டரி 4000 எம்ஏஎச்தான், கார்டு இல்லை. எஸ்23-க்கு ஐந்து ஆண்டு பேட்ச்தான், 2028 தொடக்கத்தில் முடியும். விலை நன்றாகக் குறைந்தால் ஒழிய வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிக்சல் 6ஏ பக்கம் போகாதீர்கள். 2025 ஜூலையில் கூகுள் கட்டாய அப்டேட் விட்டது. 400 சார்ஜ் சுற்று தாண்டிய 6ஏ-க்களில் பேட்டரிக் கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் அது குறைத்துவிடுகிறது.

பழையது வாங்கும்போது: *#06# அடித்து ஐஎம்இஐ (போனின் தனி எண்) எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டு என்று முடக்கப்பட்டிருந்தால் காட்டிவிடும். விற்பவர் முன்னாலேயே ரீசெட் செய்து உங்கள் கூகுள் கணக்கில் உள்ளே போங்கள். பழைய கணக்கைக் கேட்டால் பணம் கொடுக்காதீர்கள். தவணைக் கடனில் எடுத்த போன்களில் கடன் நிறுவனத்தின் பூட்டு ஆப் இருக்கலாம்; ‘டிவைஸ் அட்மின் ஆப்ஸ்’ பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா பாருங்கள். வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால் திரையில் கீபோர்டின் நிழல் நிரந்தரமாகப் படிந்திருந்தால் தெரியும்.

புதிதாக எடுத்தால் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யிலும் செலவு உண்டு. வட்டியைத் தள்ளுபடியாகக் கொடுத்தாலும் அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் கார்டில் ஏறும். பெட்டியில் சார்ஜர் இருக்காது. 45 வாட் வேண்டுமென்றால் பிபிஎஸ் (வோல்டேஜைப் போனுக்கு ஏற்ப மாற்றும் முறை) ஆதரிக்கும் சார்ஜரோடு 5 ஆம்பியர் கேபிளும் வேண்டும். வீட்டில் கிடக்கும் 3 ஆம்பியர் கேபிளைச் செருகினால் 25 வாட்டோடு நின்றுவிடும்.

தென்றல்82

மூவருக்கும் நன்றி. பேட்ச் தேதி 2025 ஆகஸ்ட் என்று காட்டுகிறது. இப்போது பேட்டரி மாற்றிவிட்டு, வங்கி ஆப் தகராறு செய்தால் எஸ்24 பார்க்கலாம் என்று இருக்கிறேன். அப்போது பழையதைக் கைமாற்றிவிடும்போது எதை மறக்கக் கூடாது?

பிட்டும்பைட்டும்

வரிசை முக்கியம். சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆப் வழியாகக் கேபிள் போட்டு மாற்றுங்கள். செக்யூர் ஃபோல்டரில் இருப்பது அதில் தானாக வராது, முதலில் வெளியே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கின் 15 ஜிபிக்குள் கணக்காகும், இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழைய போனிலிருந்து புதிதுக்குக் கியூஆர் வழியாக நேரடியாக மாற்றும் வசதி வாட்ஸ்அப்பிலேயே உண்டு. ஆத்தென்டிகேட்டர் ஆப் (கணக்குகளில் நுழைய எண் தருவது) இருந்தால் கணக்குகளை ஏற்றுமதி செய்து, புதிதில் எண் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும்.

யூபிஐக்கு சிம் புதிய போனில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். இரண்டு சிம் இருந்தால் வங்கியில் பதிவான எண் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். ரீசார்ஜ் இல்லாத சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போகாமல் சரிபார்ப்பு அங்கேயே தொங்கும்.

எல்லாம் முடிந்ததும் பழையதில் கூகுள் கணக்கு, சாம்சங் கணக்கு இரண்டையும் நீக்குங்கள், அதன் பிறகே ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரெக்கவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், வாங்குபவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். உள்ளே இருப்பது என்கிரிப்ட் ஆனது, ரீசெட்டில் அதன் சாவி அழிந்துவிடும். மேலே குப்பை ஃபைல் எழுதி அழிக்க வேண்டியதில்லை. மெமரி கார்டை மட்டும் ரீசெட்டுக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.