ஆலவாவின் நடுவே புர்கோஸ் மாகாணத்தின் நிலம் அமைந்தது எப்படி?

கேள்வி

வணக்கம். ஸ்பெயினின் வடக்கிலுள்ள பாஸ்க் தன்னாட்சிப் பகுதியின் மூன்று மாகாணங்களுள் பரப்பில் பெரியது ஆலவா. அதன் வரைபடத்தில், விட்டோரியா நகருக்குத் தெற்கே, திரெவீன்யோ என்ற பகுதி மட்டும் காஸ்டில்-லெயோன் என்ற வேறொரு தன்னாட்சிப் பகுதியின் புர்கோஸ் மாகாணத்துக்கு உரியதாகக் காட்டப்படுகிறது. நான்கு புறமும் ஆலவா சூழ்ந்திருக்க, இந்தப் பகுதி மட்டும் எவ்வாறு தனித்து நின்றது?

மறுமொழி 1

நிலவியலை மட்டும் பார்த்தால் இந்தப் பிரிவினைக்குக் காரணமே இல்லை. விட்டோரியா மலைகளுக்குத் தெற்கே, ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பகுதியில் ஓடும் அயூதா ஆறு, ஆலவாவின் முதன்மை ஆறான சதோர்ராவில் கலந்து எப்ரோ ஆற்றைச் சேர்கிறது. காரணம் இடைக்கால வரலாற்றில்தான் இருக்கிறது. திரெவீன்யோ ஊரை 12ஆம் நூற்றாண்டில் நிறுவியவர் நவார்ரா மன்னர் ஆறாம் சாஞ்சோ. விட்டோரியாவுக்கு 1181இல் நகர உரிமை வழங்கியவரும் அவரே. 1200ஆம் ஆண்டளவில் இரண்டும் காஸ்டில் மன்னர் எட்டாம் அல்ஃபோன்சோவின் வசமாயின. ஆனால் ஆலவாவின் நாட்டுப்புற நிலங்கள் அரியாகா என்ற பிரபுக்களின் கூட்டமைப்பிடமே இருந்தன. 1332இல்தான் அவர்கள் அவற்றை அரசரிடம் ஒப்படைத்தனர். திரெவீன்யோவோ அதே நூற்றாண்டில் மன்ரிக்கே குடும்பத்துக்கு அரச மானியமாக வழங்கப்பட்டு, ஆலவாவின் பொது அவைகளுக்கு வெளியே தனிப் பிரபுத்துவ நிலமாக நீடித்தது. 1833இல் ஸ்பெயின் முழுவதும் மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது அது புர்கோஸுடன் சேர்க்கப்பட்டது. அந்த எல்லையே இன்றும் தொடர்கிறது.

மறுமொழி 2

அந்த எல்லையின் இன்றைய கனம் வரி நிர்வாகத்தில் தெரிகிறது. பாஸ்க் பகுதியில் வருமான வரி, நிறுவன வரி, வாரிசுரிமை வரி ஆகியவற்றை வசூலிப்பவை மாட்ரிட் அரசோ பாஸ்க் அரசோ அல்ல, மாகாணங்களே. பாஸ்க் மாகாணங்களின் பழைய தன்னாட்சி உரிமைகள் 1876இல் ஒழிக்கப்பட்ட பின், 1878இல் பொருளாதார உடன்படிக்கை என்ற ஏற்பாடு பிறந்தது. வரியை மாகாணமே திரட்டி, மத்திய அரசின் செலவுகளுக்கு ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, பின்னாளில் சர்வாதிகாரியாக ஆண்ட ஃபிராங்கோ 1937இல் பிஸ்காயா, கிபுஸ்கோவா ஆகிய இரு மாகாணங்களின் உடன்படிக்கையைப் பறித்தார். போரில் தம் பக்கம் நின்ற ஆலவாவுக்கு அதை விட்டுவைத்தார். 1981இல்தான் மூன்றுக்கும் பொதுவான புதிய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஆகவே திரெவீன்யோ ஆலவாவில் சேர்ந்தால், அங்குள்ளவர்கள் முற்றிலும் வேறொரு வரி ஆட்சியின் கீழ் வருவார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அங்கு வாழும் மக்களின் விருப்பம் இதில் கணக்கில் எடுக்கப்படுவதில்லையா?

மறுமொழி 3

எடுக்கப்படுகிறது, ஆனால் அது மட்டும் போதாது. இந்தப் பகுதியில் அடங்கிய திரெவீன்யோ, லா புவேப்லா தெ அர்கான்சோன் ஆகிய இரு நகராட்சிகளும் ஆலவாவுடன் இணையும் விருப்பத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிவித்துள்ளன. 1979ஆம் ஆண்டின் பாஸ்க் தன்னாட்சிச் சட்டம் இத்தகைய இணைப்புக்கு வழி வைத்திருக்கிறது. எனினும் 1983ஆம் ஆண்டின் காஸ்டில்-லெயோன் தன்னாட்சிச் சட்டம், பிரிந்து செல்வதற்குக் காஸ்டில்-லெயோனின் சம்மதத்தையும் நிபந்தனையாக்கியது. அரசியலமைப்பு நீதிமன்றம் 1986இல் அந்த நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. அன்றாடத் தேவைகளுக்கு விட்டோரியாவையே நாடும் மக்களின் வாக்கைவிட, அவர்களை இழக்கப்போகும் நிர்வாகத்தின் மறுப்புக்குக் கூடுதல் வலிமை தரும் இந்த ஏற்பாடு நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன்.