15 இன்ச் ஹேண்ட்கார்டுல ஐயர்ன் சைட்: ஃப்ரன்ட் சைட்ட எங்க வைக்கிறது, எது எடுக்கிறது?

குறிமுள்:
எல்லாருக்கும் வணக்கம். ஏஆர்-15 டைப் ரைஃபிள், 16 இன்ச் பேரல். பழைய முக்கோண ஃப்ரன்ட் சைட்ட கழட்டிட்டு லோ ப்ரொஃபைல் கேஸ் பிளாக் (பேரல்ல இருந்து கேஸ எடுக்குற துண்டு, குட்டையானது) போட்டு அதுக்கு மேல 15 இன்ச் ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு (பேரல சுத்தி கை பிடிக்கிற உறை) மாட்டியாச்சு, மேல முழு நீளத்துக்கும் பிகாட்டினி ரெயில் (சைட் மாட்டுற பள்ளம் பள்ளமான பட்டை), மத்த பக்கமெல்லாம் எம்-லாக் (சாமான் மாட்டுற நீள ஓட்டைங்க). ரெட் டாட் (கண்ணாடில சிவப்பு புள்ளி காட்டுற பேட்டரி சைட்) ஒன்னு இருக்கு ஆனா எனக்கு ஐயர்ன் சைட்ல (கண்ணாடி இல்லாத முன்-பின் குறி சைட்ல) சுடத்தான் பிடிக்கும், பேட்டரி தீர்ந்தா பார்த்துக்கலாம்ங்கிற ஸ்பேர் மாதிரி இல்லாம அதை வச்சே ஒழுங்கா க்ரூப் போடணும்னு (குண்டெல்லாம் ஒரே இடத்துல விழணும்னு) ஆசை.

சந்தேகம் மூணு. ஃப்ரன்ட் சைட்ட ஹேண்ட்கார்டோட நுனில வைக்கணுமா கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கணுமா? கடைல "சேம் ப்ளேன்"னு ஒன்னு "கேஸ் பிளாக் ஹைட்"னு ஒன்னு வச்சிருக்காங்க, எது எனக்கு? அப்புறம் மடக்குறதா மடக்காம நிக்கிறதா, பிளாஸ்டிக்கா ஸ்டீலா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வட்டத்துள்வட்டம்:
ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன் ப்ரோ, அதுலதான் நிறைய பேர் காச விடறாங்க. உங்களுக்கு சேம் ப்ளேன்தான். ரெயில் வச்ச கேஸ் பிளாக்கோட மேல்பக்கம் ரிசீவர் (ரைஃபிளோட நடு உடம்பு) ரெயில விட தாழ்வா இருக்கும், அந்த குறைய ஈடு கட்டத்தான் கேஸ் பிளாக் ஹைட் சைட்ட உயரமா செய்றாங்க. உங்க ஹேண்ட்கார்டு ரெயில் ரிசீவரோட ஒரே மட்டத்துல ஓடுது, அதுல போய் உயரமானத வச்சா குண்டு ரொம்ப கீழ போகும், போஸ்ட்ட (ஃப்ரன்ட் சைட் நடுவுல நிக்கிற குறி ஊசிய) எவ்வளவு இறக்கினாலும் பத்தாது.

அந்த "ஒரே மட்டம்"ங்கறத நம்பிடாம ஒரு தடவை செக் பண்ணிடுங்க. நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்ன ரிசீவர் ரெயிலையும் ஹேண்ட்கார்டு ரெயிலையும் சேர்த்து மேல வச்சு வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சு பாருங்க, படி மாதிரி ஏறி இறங்கினா தெரிஞ்சிடும். ஏ2 டைப் (எம்16ஏ2 ரைஃபிள்ல வர்ற மாதிரி) போஸ்ட்ல ஒரு சுத்துக்கு நாலு க்ளிக், அந்த முழு சுத்துக்கு போஸ்ட் சுமார் 0.7 மி.மீ தான் ஏறும் இறங்கும். ஒரு மி.மீ வித்தியாசம்னா ஒன்னரை சுத்து, சமாளிச்சிடலாம். அதுக்கு மேல போனா போஸ்ட் ரொம்ப வெளில நீட்டிகிட்டு ஆட ஆரம்பிக்கும், இல்லன்னா உள்ள போய், ரெண்டு பக்கமும் காவலா நிக்கிற சைட்டோட காதுகளுக்கு கீழ ஒளிஞ்சுக்கும்.

மேல ரெயில் இல்லாத ஸ்லிம் ஹேண்ட்கார்டு வச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை, மேல் பக்க எம்-லாக் ஓட்டைல குட்டி ரெயில் துண்ட முடுக்கி அதுல சைட் வச்சா உயரம் ரிசீவரோட பொருந்தும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அளந்துட்டு வாங்குங்க.

இரும்புக்கண்:
தம்பி, ஐயர்ன் சைட்லயே சுடணும்னு கேக்கறீங்க பாருங்க, சந்தோஷமா இருக்கு. இடத்த பத்தி நான் சொல்றேன்.

நுனிக்கு போக போக ரெண்டு லாபம். முதல் லாபம் சைட் ரேடியஸ், அதாவது ரெண்டு சைட்டுக்கும் நடுவுல உள்ள தூரம். 15 இன்ச் ஹேண்ட்கார்டு நுனில ஃப்ரன்ட் சைட், ரிசீவர் ரெயிலோட கடைசி பள்ளத்துல ரியர் சைட் வச்சா கிட்டத்தட்ட 20 இன்ச் கிடைக்கும், அதான் பழைய முழு நீள எம்16ல இருந்த அளவு. கார்பைன்ல அந்த முக்கோண சைட் நின்ன இடத்துல 14.5 இன்ச் தான். கணக்கு போட்டு பாருங்க, கண்ணு போஸ்ட்ட 0.1 மி.மீ தப்பா நடுப்படுத்திடுச்சுன்னு வைங்க, ரேடியஸ் 500 மி.மீன்னா 100 மீட்டர்ல 20 மி.மீ விலகும், 370 மி.மீன்னா அதே தப்புக்கு 27 மி.மீ. ரெண்டாவது லாபத்த யாரும் பேச மாட்டாங்க. போஸ்ட் கண்ணுக்கு தூரமா போறதால ஒல்லியா தெரியும். 1.8 மி.மீ அகல போஸ்ட் கண்ணுல இருந்து 55 செ.மீல நின்னா 100 மீட்டர்ல சுமார் 33 செ.மீ அகலத்த மறைக்கும், 70 செ.மீ தள்ளி நின்னா 26 செ.மீ தான் மறைக்கும். சின்ன டார்கெட் சுடறவங்களுக்கு இது பெரிய விஷயம், வயசான கண்ணுக்கும் போஸ்ட் தள்ளி இருந்தா ஃபோகஸ் ஆகறது சுலபம்.

ஆனா இதுல ஒரு விஷயத்த மறந்துடாதீங்க, உங்க ஃப்ரன்ட் சைட் இப்போ பேரல்ல நிக்கல. ஃப்ரீ ஃப்ளோட்னா ஹேண்ட்கார்டு பேரல் நட் (பேரல ரிசீவரோட இறுக்குற நட்டு) கிட்ட மட்டும்தான் பிடிச்சிருக்கு, மீதி நீளமெல்லாம் தூண்டில் கம்பு மாதிரி நீட்டிகிட்டு இருக்கு. ஸ்லிங்க (ரைஃபிள் வார) கைல சுத்தி இறுக்கி இழுத்தீங்கன்னா, இல்ல பைபாட்ல (ரெண்டு கால் ஸ்டாண்ட்ல) முன்னாடி சாஞ்சு அழுத்தினீங்கன்னா ஹேண்ட்கார்டு வளையும், அதோட சைட்டும் போகும், பேரல் அங்கேயே இருக்கும். நுனி அரை மி.மீ வளைஞ்சா 100 மீட்டர்ல 10 செ.மீ. ஸ்கோப் வச்சிருக்கிறவனுக்கு இந்த வளைவால ஒன்னும் ஆகாது ஏன்னா அவன் ஸ்கோப் ரிசீவர்ல இருக்கு, ஐயர்ன் சைட் காரனுக்குத்தான் முழு அடியும். அதனால சைட் பிராண்டுக்கு முன்னாடி ஹேண்ட்கார்டு எப்படி பிடிச்சிருக்குன்னு பாருங்க. சுத்தி க்ளாம்ப் பண்ற போல்ட்டெல்லாம் கம்பெனி சொன்ன டார்க்ல (முறுக்கு அளவுல) இருக்கா, ரிசீவரோட ரெண்டு பக்கமும் கவ்வுற மாதிரி ஆன்டி ரொட்டேஷன் காது இருக்கா, கைல முறுக்கி பார்த்தா திரும்புதா. கொஞ்சம் திரும்பினா கூட ஃப்ரன்ட் சைட் சாஞ்சு நிக்கும், ஜீரோ (குறியும் குண்டு விழுற இடமும் ஒன்னா சேர வச்ச செட்டிங்) பக்கவாட்டுல ஓடிகிட்டே இருக்கும், நீங்க ரியர் சைட்ட திருகிகிட்டே இருப்பீங்க.

என் முடிவு, ஹேண்ட்கார்டு திடமா இருந்தா நுனில இருந்து ஒன்னு ரெண்டு பள்ளம் உள்ள. கடைசி பள்ளத்துல வச்சா எதுலயாவது இடிச்சுக்கும், மஸிலுக்கு (பேரல் வாய்க்கு) ரொம்ப ஒட்டி இருந்து அங்க பெரிய ப்ரேக்கும் (உதைப்ப குறைக்கிற முனை) இருந்தா கரியும் போஸ்ட்ல படியும். ஸ்லிங் மாட்டுற இடத்த நுனில வைக்காதீங்க, பின்னாடி ரிசீவர் பக்கமா கொண்டு வாங்க, அங்க இழுத்தா வளைவு ரொம்ப குறைவு.

செவ்வந்தி:
இரும்புக்கண் அண்ணா சொன்னதுல ஒன்னுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்லிங்க இறுக்கி சுடறது ஒருத்தரோட ஸ்டைல்னா ஃப்ரன்ட் சைட்ட ஹேண்ட்கார்டுல வைக்கவே கூடாது, பேரல்லயே பின் அடிச்சு நிக்கிற பழைய முக்கோண சைட்டு தான் சரி, ரேடியஸ் குறைஞ்சாலும் ஸ்லிங் இழுக்க இழுக்க ஜீரோ ஆடாது. முழு நீள ஹேண்ட்கார்டுக்குள்ளயே அத வர வைக்க மேல வெட்டு விட்ட ஹேண்ட்கார்டு கிடைக்குது.

மடக்குறதா நிக்கிறதான்னு கேட்டதுக்கு: ஐயர்ன்தான் மெயின்னா மடக்காம நிக்கிறதே எடுங்க. மடக்குற சைட்ல எப்பவும் ஒரு கீல் இருக்கு, நல்ல கம்பெனில நிமிர்ந்ததும் லாக் ஆகும், மலிவானதுல ஸ்ப்ரிங் மட்டும்தான், விரல வச்சு அசைச்சா தெரியும். பிளாஸ்டிக்க கேவலமா நினைக்காதீங்க, மேக்புல் கம்பெனியோட எம்பஸ் (MBUS) பிளாஸ்டிக் சைட் ஹேண்ட்கார்டுல நல்லாவே நிக்கும், ஆனா அத கேஸ் பிளாக்ல வைக்காதீங்கன்னு கம்பெனியே சொல்லுது, சூட்டுல இளகிடும்ல. அதே கம்பெனியோட ப்ரோ மாடல் ஸ்டீல், மடக்கினா ரெயிலோட ஒட்டி படுத்துக்கும்.

குறிமுள்:
நன்றி எல்லாருக்கும். நான் ஸ்லிங்க இறுக்கி சுடறதில்ல செவ்வந்தி, பெஞ்ச்ல பை மேல வச்சும் நின்னுகிட்டும் தான். ஸ்டீல் நிக்கிறது எடுக்கலாம்னு தோணுது. ஆனா ரெட் டாட் மாட்டினா நிக்கிற ஃப்ரன்ட் சைட் கண்ணாடிக்குள்ள தெரியுமே, தொந்தரவா இருக்காதா? அப்புறம் மாட்டுற முறைய கொஞ்சம் சொல்லுங்க.

வட்டத்துள்வட்டம்:
தெரியும், அது மவுன்ட் உயரத்த பொறுத்தது. ரெட் டாட் மையம் ரெயிலுக்கு மேல சுமார் 36 மி.மீ இருந்தா டாட் நேரா போஸ்ட் நுனிலயே உக்காரும். 40 மி.மீ கிட்ட உள்ள மவுன்ட் எடுத்தா போஸ்ட் கண்ணாடியோட கீழ் மூணுல ஒரு பங்குக்கு இறங்கிடும், நடு காலியா இருக்கும், எனக்கு அதான் பிடிக்கும்.

மாட்டுறதுக்கு முன்னாடி மேகஸின கழட்டி, சேம்பர (குண்டு உக்கார்ற அறைய) கண்ணாலயும் விரலாலயும் பார்த்து காலின்னு உறுதி பண்ணிக்கங்க. ரெயில்ல எண்ணெய் இல்லாம துடைங்க. சைட்ட பள்ளத்துல உக்கார வச்சதும் முன்னாடி மஸில் பக்கமா தள்ளி பிடிச்சுகிட்டே முடுக்குங்க, பள்ளத்துக்கும் சைட்டோட குறுக்கு கட்டைக்கும் நடுவுல எப்பவும் துளி இடைவெளி இருக்கும், தள்ளாம முடுக்கினா சுட சுட ரீகாயில் அந்த இடைவெளிய தானே எடுத்துக்கும், ஜீரோவும் போயிடும். ரியர் சைட்டுக்கும் இதே. டார்க் எவ்வளவுன்னு சைட்டோட வந்த பேப்பர்ல இருக்கும், அலுமினிய ரெயில்ல கை பலத்த காட்டாதீங்க. நீல த்ரெட் லாக்கர் ஒரு துளி போதும். கடைசில ஸ்க்ரூ தலைல இருந்து சைட் உடம்பு வரைக்கும் பெயின்ட் பேனால ஒரு கோடு இழுத்துடுங்க, லூஸ் ஆனா கோடு விலகி காட்டிக்குடுத்துடும். ரியர் சைட்டோ ஃப்ரன்ட் சைட்டோ எதுவும் ரிசீவரும் ஹேண்ட்கார்டும் சேர்ற அந்த ஜாயின்ட் மேல குறுக்க உக்காரக்கூடாது.

இரும்புக்கண்:
ஜீரோவுக்கு 25 மீட்டர்ல ஆரம்பிங்க. ஏஆர்ல சைட் பேரல் மையத்துக்கு மேல சுமார் 6.5 செ.மீ இருக்கறதால 50 மீட்டர் ஜீரோ வேணும்னா 25ல குறிக்கு சுமார் 3 செ.மீ கீழ விழணும், அங்க நடுவுலயே விழ வச்சுடாதீங்க. உயரம் ஃப்ரன்ட் போஸ்ட்ல, பக்கவாட்டு ரியர்ல. ஃப்ரன்ட் போஸ்ட்டுக்கு எல்லாம் தலைகீழ், போஸ்ட்ட இறக்கினா குண்டு ஏறும். உங்க ரேடியஸ்ல ஒரு க்ளிக் 100 மீட்டர்ல சுமார் 3.5 செ.மீ, அப்போ 25ல ஒரு செ.மீக்கும் குறைவு, அதனால ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஒரு குண்டுன்னு துரத்தாம அஞ்சு குண்டு க்ரூப் போட்டு அதோட நடுவ பார்த்து திருகுங்க.

ஜீரோ ஆனதும் ஒன்னு செஞ்சு பாருங்க தம்பி. பைய ஹேண்ட்கார்டு நுனிக்கு கீழ வச்சு ஒரு க்ரூப், பைய மேகஸின் பக்கத்துல வச்சு ஒரு க்ரூப். ரெண்டும் ஒரே இடத்துல விழுந்தா ஹேண்ட்கார்டு ஆடல. மேலயும் கீழயுமா பிரிஞ்சா முதல்ல பேரல் நட் பக்க போல்ட்ட பாருங்க, சைட்ட தொடாதீங்க.

குறிமுள்:
செஞ்சுடறேன் அண்ணே. ஸ்கேல் வச்சு பார்த்துட்டேன், ரெயில் ஒரே மட்டம்தான். நுனில இருந்து ரெண்டாவது பள்ளத்துல வைக்கப்போறேன், ரெண்டு க்ரூப் பேப்பரையும் போட்டோ எடுத்து இங்கேயே போடறேன்.