‘ரைம்’: எதுகையா, இயைபா?

அனைவருக்கும் வணக்கம்.

‘ரைம்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் நான் தொடங்கிய இழை இருபது மடலைத் தாண்டிவிட்டது. நானும் மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கேள்வியைப் போட்டவனே பேசாமல் இருப்பது முறையில்லை என்பதால் இந்த நீண்ட மடல்.

நான் கேட்டது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான ஆங்கில ஒலிப்புக் கையேட்டுக்காக. கேட், பேட், ஹேட் என்று ஓசை ஒத்த சொற்களைக் குழந்தைகளுக்கு அடுக்கிக் காட்டுகிறோமே, அதற்குத் தமிழில் என்ன பெயர்? ‘ரைம்’ என்றே எழுதிவிடலாம் என்று இருவர் சொன்னார்கள். அது நடக்காது. நம் வீடுகளில் ‘ரைம்ஸ் சொல்லு’ என்றால் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடும். அந்தச் சொல் ஏற்கெனவே குழந்தைப் பாட்டுக்குப் போய்விட்டது.

> எல்லா அகராதியிலும் எதுகை என்றுதானே இருக்கிறது? பிறகு எதற்கு விவாதம்?

ஐயா, பல அகராதிகளில் அப்படித்தான் இருக்கிறது. எப்படி வந்தது என்பதும் புரிகிறது. கேட், பேட் இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து இரண்டும் நெடில், இரண்டாம் எழுத்து இரண்டிலும் ‘ட்’. முதலெழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதுதானே எதுகை; இங்கே அது கச்சிதமாக அமைகிறது. ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களை மட்டும் பார்த்தவர் எதுகை என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

சொல் கொஞ்சம் நீண்டதும் கதை மாறுகிறது. அபவுட், ஷவுட் இரண்டும் ஆங்கிலக் காதுக்கு அருமையான ரைம். நமக்கோ ஒன்றில் இரண்டாம் எழுத்து ‘ப’, மற்றதில் ‘வு’. எதுகை இல்லை. பட்டர், பட்டன் இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ட்’. எதுகை உண்டு, ரைம் இல்லை. ஒரு சொல் இரண்டு பக்கமும் தவறினால் அதை எப்படிக் கலைச்சொல் என்பது?

இழையில் ‘இயைபு’ என்று எழுதிய அம்மையாரின் பக்கம்தான் நான். அடிகளின் இறுதி ஒன்றி வருவது இயைபு என்று தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இருக்கிறது. ரைமும் சொல்லின் வாலில்தான் நடக்கிறது. இயைபு யாருக்கும் தெரியாத சொல் என்று இழையில் வந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பத்தாம் வகுப்பில் ‘நயம் பாராட்டுக’ கேள்விக்கு மோனை, எதுகை, இயைபு மூன்றையும் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தானே நாம்?

வேதியியல் நூல்களில் ‘வேதி இயைபு’ (பொருளின் கூட்டமைப்பு) இருப்பதால் குழப்பம் வரும் என்றார் ஒருவர். தொல்காப்பியத்திலேயே இயைபு இரண்டு வேலை பார்க்கிறது: ஒன்று தொடை (அடிகளில் ஓசை ஒத்து வரும் அமைப்பு), மற்றது, ஞகரம் முதல் னகரம் வரையான புள்ளி எழுத்தில் முடியும் செய்யுளுக்கு உரிய வனப்பு, அதாவது முழுச் செய்யுளின் அழகு வகை. அந்தக் காலத்திலேயே சமாளித்தவர்கள் நாம்.

ஆனால் இயைபு என்று சொன்னதோடு வேலை முடியவில்லை. போன வாரம் ஒரு வகுப்பில் ‘நேஷன்’ என்று எழுதிவிட்டு, இதோடு ஓசை ஒத்த சொற்களைச் சொல்லுங்கள் என்றேன். ஸ்டேஷன், மோஷன், டென்ஷன், பென்ஷன் என்று மடமடவென்று வந்தன. ‘டென்ஷன்’ சொன்ன பையன் அதை வீட்டில் தினமும் கேட்கிறான் போலிருக்கிறது. கரும்பலகையில் எல்லாம் ‘ஷன்’ என்றே முடிகின்றன. நம் கணக்கில் எல்லாமே இயைபு. நேஷன், மோஷன் இரண்டும் எதுகையும்கூட: முதலெழுத்து நெடில், அடுத்து ‘ஷ’. ஆனால் ஆங்கிலக்காரர் நேஷனோடு ஸ்டேஷனை மட்டும்தான் சேர்ப்பார். டென்ஷனும் பென்ஷனும் தனி ஜோடி. மோஷனுக்கு அந்தப் பலகையில் ஜோடியே இல்லை.

காரணம் அழுத்தம், அதாவது சொல்லின் ஒரு பகுதியை மட்டும் ஓங்கி ஒலிப்பது. சொல்லில் அழுத்தம் விழும் உயிரிலிருந்து கடைசி வரை ஒலி அப்படியே ஒன்ற வேண்டும்; அந்த உயிருக்கு முன்னால் உள்ள மெய் மாற வேண்டும். இதுதான் அவர்களுடைய விதி. கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் எளிது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியில் ஒவ்வோர் உயிரொலியின் பின்னாலும் ஓர் எண் இருக்கும்: முதன்மை அழுத்தத்துக்கு 1, துணை அழுத்தத்துக்கு 2, அழுத்தம் இல்லையென்றால் 0. நேஷனைத் தமிழ்ப்படுத்திக் காட்டினால் ந்–ஏ1–ஷ்–அ0–ன். மோஷன் ம்–ஓ1–ஷ்–அ0–ன். கடைசியாக 1 வரும் உயிரைப் பிடித்து, அங்கிருந்து வால் வரை வெட்டி ஒப்பிட வேண்டியதுதான். ‘ஏ’யும் ‘ஓ’வும் வேறு, அதனால் சேராது. நம் எதுகையோ முதலெழுத்தில் குறிலா நெடிலா என்று அளவை மட்டும் பார்க்கிறது. எந்த உயிர் என்று கேட்பதில்லை.

ஆகவே பொதுச்சொல் இயைபு; மேற்சொன்ன விதி முழுதும் பொருந்துவதற்கு ஓர் அடைமொழி வேண்டும். முதலில் ‘முற்றியைபு’ என்று எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை. அடியின் நான்கு சீரிலும் இயைபு வந்தால் அதற்கு முற்று இயைபு என்று யாப்பில் முன்பே பெயர் இருக்கிறது. எனவே நிறையியைபு. நேஷன்–ஸ்டேஷன் நிறையியைபு. நேஷன்–மோஷன் வெறும் ஈற்றொப்பு. வகுப்பில் குழந்தைகளிடம் ‘வால் ஒன்று, உடம்பு வேறு’ என்று சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

> குறையியைபு என்று ஒன்றும் வைத்துவிடலாமே?

வேண்டாம் தோழர். குறை என்றால் தவறிப்போனது என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் போன்றவர்கள் தெரிந்தே பாதி ஒத்த ஓசையைப் பயன்படுத்தியவர்கள். தாத்தாவின் சாயல் பேரனிடம் தெரிகிறது என்கிறோமே, அந்தச் சாயல் போதும்: சாயல் இயைபு.

அதிலேயே ஒரு தனி வகை இருக்கிறது. இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் உலகப் போரில், போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன், மெய்களை அப்படியே வைத்துக்கொண்டு உயிரை மட்டும் மாற்றி அடிகளை முடித்தவர். எஸ்கேப்ட் என்று ஓரடி முடிந்தால் அடுத்தது ஸ்கூப்ட். ‘கேப்’, ‘கூப்’ என்று வெட்டிப் பாருங்கள். காட்டு–போட்டு போல, நம் எதுகைதான்! அகராதிக்காரர்கள் ரைமுக்குக் கொடுத்த சொல் உண்மையில் போய்ச் சேர வேண்டிய வீடு இது. ஓவன் ஹால் என்பதோடு ஹெல்லையும் சேர்த்திருக்கிறார். அங்கே மட்டும் நெடிலுக்குக் குறில் வந்து நம் புலவர்கள் முகம் சுளிப்பார்கள். இந்த வகையை எதுகை இயைபு என்று முன்மொழிகிறேன்.

கண்ணுக்கு ஒத்து, காதுக்கு ஒவ்வாத ஜோடிகள் பற்றி. லவ், மூவ் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி மூன்று எழுத்தும் ஒன்றே. ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்தில் முடியும் சொற்கள் த்ரூ, தோ, டஃப், காஃப், பவ் என்று ஐந்து விதமாக ஒலிக்கின்றன. வேடிக்கை பாருங்கள், தமிழ் எழுத்தில் எழுதியவுடன் இந்த ஒற்றுமை காணாமல் போய்விடுகிறது. எதற்குப் பெயர் வைக்கிறோமோ அதை நம் எழுத்தில் காட்டவே முடியவில்லை. கையேட்டில் இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆங்கில எழுத்தை அச்சிட்டாக வேண்டும். ‘கண்ணியைபு’ என்று சேர்த்து எழுதினால் பூக்கண்ணி, வலைக்கண்ணி எல்லாம் நினைவுக்கு வருகின்றன. பிரித்தே எழுதுவோம்: கண் இயைபு.

இது சும்மா சொல்விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஜான் வாக்கர் 1775இல் வெளியிட்ட அகராதி, சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. அப்படி அடுக்கினால் லவ்வும் மூவும் ஒரே கூட்டத்தில்தான் வந்து நிற்கும். எழுத்தை வைத்துத் தேடுவதா, ஒலியை வைத்துத் தேடுவதா என்ற அதே சிக்கல் இன்றைக்கு மென்பொருள் எழுதுபவருக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாவிட்டால் திரையின் மெனுப் பட்டியில் என்ன எழுதுவார்?

இன்னும் முடியாதது ஒன்று. ப்ளெஷர், மெஷர் போல அழுத்தமான அசைக்குப் பின் ஓர் அசை தொங்கும் இயைபை ஆங்கிலத்தில் பெண் என்றும், கேட்–பேட் வகையை ஆண் என்றும் பிரிக்கிறார்கள். அதை நாம் சுமக்கத் தேவையில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போயிருக்கிறோம். ‘ஓரசை இயைபு, ஈரசை இயைபு’ என்று கோவை நண்பர் தந்தது நன்றாக இருக்கிறது. ஆனால் யாப்பில் ‘பலா’ என்பது நிரை, ஒரே அசை. மொழியியலாருக்கு அது இரண்டு அசை. யாப்பிலிருந்து இயைபை எடுத்துக்கொண்டு அசையை மட்டும் மொழியியலாரிடம் கடன் வாங்கினால் ஆசிரியர்கள் என்னைத்தான் பிடிப்பார்கள். ‘உயிர்’ என்று எண்ணி, ஓருயிர் இயைபு, ஈருயிர் இயைபு என்று வைத்தால்? என் காதுக்குக் காதல் பாட்டு மாதிரி ஒலிக்கிறது. வேறு யோசனை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை கோப்பு அச்சுக்குப் போகிறது.